கொம்பு வண்டின் பெயர்ச் சீட்டு

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எலும்பு எந்த மூலையில் விரிசல் விட்டிருந்தாலும் ஒரே படத்தில் பிடித்துவிடுவாள். இரண்டாவது படம் எடுக்க நேர்ந்தால் அது மின்சாரம் போனதால் இருக்குமே தவிர அவள் கைப்பிசகால் இருக்காது. இந்த வேலை உனக்கு வராது என்று யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலான அக்கறை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் கையை அவள் மெஷினிலேயே வைத்து, அவளிடம் வேலை கற்ற ஜூனியர் பெண் மூன்று தடவை படம் எடுத்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது விரல்கள் சுள்ளி மாதிரி விறைத்திருந்தன.

"விரலுக்கு நுணுக்கமா ஏதாவது வேலை குடுங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். "மணி கோருங்க, ஸ்வெட்டர் பின்னுங்க, காகிதம் மடிங்க. எது பிடிக்குதோ அது."

ஊசியும் நூலும் அவளுக்கு ஆகாது. நூலக மாடியில் சனிக்கிழமை காலைகளில் ஓரிகாமி என்ற காகித மடிப்புக் கலை பழகுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று வார்டு நர்ஸ் ஒருத்தி சொன்னாள். எக்ஸ்ரே அக்கா போனாள்.

நீள மேஜை ஒன்றைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கணக்கு டீச்சர், ஒரு கண்ணாடிக் கடைக்காரர், தபால் பிரிக்கிற இரண்டு பெண்கள், இப்படி. நடத்துகிறவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். அந்த விரல்கள் காகிதத்தின் ஓரத்தோடு ஓரம் வைத்து ஒரு தடவை நீவினால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

அவர் அவளிடம் ஒரு சதுரத் தாளைக் கொடுத்துச் சாதாரணப் பெட்டி ஒன்றைச் செய்யச் சொன்னார்.

"எதை மடிக்கிறதுன்னு தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சா பாதி வித்தை வந்த மாதிரிம்மா" என்றார். "ஒரு உருவத்தை எடுத்தா அதுல உங்களுக்குத் தெரியாத மடிப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அது கைக்கு வர்ற வரைக்கும் அதையே மடிக்கணும். அப்புறம் அடுத்தது. தெரியாதது நாலு இருக்கிற உருவத்தை எடுத்தீங்கன்னா, எது தப்பாப் போச்சுன்னே தெரியாம காகிதத்தைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

அவளுடைய பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. மூலைகள் சேரவில்லை. நான்கு தடவை மடித்தும் சேரவில்லை. டிரைவர் அண்ணன் கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன மடித்தார்கள், எப்படி வந்தது என்று குறித்து வைப்பார். அன்று அவள் பக்கத்தில் 'பெட்டி, நான்கு முறை, மூலை சேரவில்லை' என்று எழுதினார். உள்ளதைத்தான் எழுதினார். அவளுக்கு ஏதோ பரீட்சைத் தாளில் சிவப்பு மை பட்ட மாதிரி சுருக்கென்றது.

வீட்டிலும் பெட்டிகளாகச் செய்து அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. ஜன்னல் மேடையில் வரிசையாக நின்ற கோணல் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, மாத்திரை போட்டுக் குடுக்கவா? ஒண்ணுகூட மூடாது போல இருக்கே."

கணவரும் சிரித்துவிட்டார். அவர் எதற்கும் சிரிக்கிற மனிதர், அதில் விஷம் கிடையாது. ஆனால் எக்ஸ்ரே அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கங்களில் இருந்த கொம்பு வண்டைக் காட்டினாள். ஆறு கால், மான்கொம்பு மாதிரி இரண்டு கொம்பு, நூற்றுச் சொச்சம் படிகள்.

"பெட்டி எல்லாம் கைப்பழக்கத்துக்கு. நான் செய்யப்போறது இது."

"இதையா? வெட்டாம ஒட்டாம ஒரே தாள்லயா? செஞ்சு காட்டுங்க, நம்புறேன்."

அன்றிலிருந்து பெட்டியை விட்டாள், வண்டைப் பிடித்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். முப்பதாவது படிவரை எப்படியோ தட்டுத் தடுமாறிப் போவாள். அதற்குப் பிறகு புத்தகத்தில் உள்ள படமும் கையில் உள்ள காகிதமும் உறவு முறிந்த சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பதினோரு வண்டு முயன்றாள். பதினொன்றும் நடுவில் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போயின. டிரைவர் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் பெட்டியை மடித்துவிட்டு வந்தாள். இரண்டு வாரம் மனசு அதில் இல்லாததால் பெட்டியும் அப்படியேதான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் மூன்றாம் மாடி எலும்பு வார்டுக்கு அந்தப் பெயிண்டர் வந்து சேர்ந்தான். சாரம் சரிந்து விழுந்து தொடை எலும்பு உடைந்தவன். முப்பது வயசு இருக்கும். காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலை விட்டு அசைக்க முடியாது என்பதால் எக்ஸ்ரே அக்கா வாரம் ஒருமுறை தள்ளுவண்டி மெஷினை அவனிடமே கொண்டுபோவாள்.

முதல் தடவை போனபோதே கவனித்தாள். கட்டிலருகே மருந்து மேஜையில் ஒரு நண்டு, ஒரு வெட்டுக்கிளி, வாலைச் சுருட்டிய ஒரு பல்லி. மருந்துச் சீட்டிலும் பழைய நாட்காட்டித் தாளிலும் மடித்தவை.

"யார் செஞ்சது?"

"நான்தான் அக்கா. படுத்தே கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும்ல. சின்ன வயசுலேர்ந்து பழக்கம். நல்ல தாள்தான் கிடைக்க மாட்டேங்குது."

எக்ஸ்ரே அறை அலமாரியில் காக்கி உறைகள் நிறையக் கிடந்தன. படமெல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்கே போய்விடுவதால் யாருக்கும் வேண்டாதவை. அடுத்த வாரம் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். மாதக் கடைசியில் நூலகத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னாள். வண்டோடு தான் படும் பாட்டை மட்டும் சொல்லவில்லை. 'எனக்கு வரலை' என்ற சொல் அவள் தொண்டையைத் தாண்டாது.

அதற்கடுத்த வாரம் அவன் ஒரு காக்கிப் பொருளை நீட்டினான்.

"உறை குடுத்தீங்கல்ல. உங்களுக்காகத்தான் பண்ணேன். வச்சுக்குங்க அக்கா."

கொம்பு வண்டு. உறையில் அச்சாகியிருந்த ஆஸ்பத்திரி முத்திரையின் ஒரு துண்டு அதன் வயிற்றில் தெரிந்தது. கால்கள் தரையில் ஊன்றி நின்ற விதத்தைப் பார்த்தால் ஊதினால் நகர்ந்துவிடும் என்று தோன்றும்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். பரிசாக வந்ததை வைத்தாள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து அதைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

"அண்ணி, சொன்ன மாதிரியே பண்ணிட்டீங்களே. நான் என்னமோ கிண்டல் பண்ணேன். மனசுல வச்சுக்காதீங்க."

'இல்லை, இது வேறொருவர் செய்தது.' இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை எக்ஸ்ரே அக்கா விடவில்லை. "டீ போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது நாத்தனார் வண்டைப் போனில் படம் எடுத்து ஆபீஸ் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டிருந்தாள். கணவர் அவளைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமை, கல்யாணமான புதிதில் பார்த்தது. அதைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சிக்கு ஆளுக்கு ஓர் உருவம் வைக்க வேண்டும் என்றார் டிரைவர் அண்ணன். கணவரும் நாத்தனாரும் வரப்போகிறார்கள். கோணல் பெட்டியை வைத்தால் குட்டு வெளிப்படும். இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். முடிவு முதல் நாளே எடுத்தாகிவிட்டது. துணியில் சுற்றி வண்டை எடுத்துப்போய் மேஜையில் வைத்தாள்.

டிரைவர் அண்ணன் அதை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க மடிச்சதாம்மா?"

"ஆமாண்ணே."

வேறொன்றும் கேட்கவில்லை. அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வெள்ளைச் சீட்டில் அவள் பெயரை எழுதி வண்டின் முன்னால் வைத்தார்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். வண்டைச் சுற்றித்தான் அதிகம் பேர் நின்றார்கள். நாத்தனார் பக்கத்திலேயே நின்று, கேட்காதவர்களுக்கும் "எங்க அண்ணி செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் உள்ளே வந்தாள். வேலைக்குப் போகும் வழியில் வந்தவள் போல, தோளில் பை, கையில் போன். மேஜை மேஜையாக நின்று ஒன்றுவிடாமல் படம் எடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் எக்ஸ்ரே அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெயிண்டரின் மனைவி. வார்டில் கஞ்சிப் பாத்திரத்தோடு பார்த்திருக்கிறாள். கண்காட்சி இருக்கிறது என்று அவனிடம் சொன்னதே எக்ஸ்ரே அக்காதான். எழுந்து வர முடியாதவன், பார்த்துவிட்டு வந்து காட்டு என்று மனைவியை அனுப்பியிருக்கிறான்.

வண்டிடம் வந்ததும் அந்தப் பெண் குனிந்தாள்.

"அட, இது எங்க வீட்டுக்காரர் பண்ணதாச்சே."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு சீட்டைப் படித்தாள். நிமிர்ந்தாள். எதிரே எக்ஸ்ரே அக்கா, பக்கத்தில் நாத்தனார், நாலடி தள்ளிக் கணவர். அந்தப் பெண் எக்ஸ்ரே அக்காவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். அதில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேரை மாத்தி எழுதிட்டாங்க போல இருக்கு" என்றாள்.

தப்பித்துப் போக ஒரு கதவைத் திறந்துவிட்டாள். யாரையும் குறை சொல்லாமல், பெருந்தன்மையாகத் திறந்துவிட்டாள். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே அக்காவின் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமா. எழுதினவர் மாத்திட்டார்."

டிரைவர் அண்ணன் அடுத்த மேஜையில்தான் நின்றிருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. மெல்ல நடந்து வந்து சீட்டை எடுத்தார்.

"என் தப்புதாம்மா. கண்ணாடி மாத்தணும்னு வீட்டுல சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன, சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் புதுச் சீட்டு எழுதி வைத்தார். எக்ஸ்ரே அக்காவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை.

"அப்ப உங்களுது எது அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நான் எதுவும் வைக்கல."

நாத்தனார் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துபோனாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். பாதி வழியில் கணவர் கேட்டார், கோபமே இல்லாமல்: "அந்த மனுஷன் மாத்தி எழுதலை, இல்ல?"

அவள் நடைபாதைக் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொய் சொன்னதுகூட ஒருவகை. தனக்கு நல்லது சொன்ன ஒரு மனிதரின் தலையில் அதை இறக்கி வைத்ததும், அவர் முனகாமல் வாங்கிக்கொண்டதும்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தின. அலமாரியில் வண்டு இருந்த இடத்தில் புத்தகங்களை நகர்த்தி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை எலும்பு வார்டுக்கு ஜூனியர் பெண்ணை அனுப்பினாள். "எனக்கு இங்க வேலை இருக்கு, நீ போ." ஜூனியர் எடுத்த படம் ஆடிப்போயிருந்தது. இன்னொன்று வேண்டும், அக்காவையே வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இருபத்திரண்டு வருஷமாக எந்த வார்டுக்கும் அவள் அப்படித் தயங்கித் தயங்கி மெஷினைத் தள்ளிக்கொண்டு போனதில்லை. லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றும் அரை நிமிஷம் உள்ளேயே நின்றாள்.

பெயிண்டர் அவளைப் பார்த்ததும் முகம் விரியச் சிரித்தான்.

"அக்கா, என்னைக் கேக்காமலே கண்காட்சியில வச்சுட்டீங்களே. அவ படம் காட்டினா. என் பேர் போட்டிருக்கு, அதுவும் என்ன எழுத்து. முதல்ல பேர் மாறிடுச்சாம், ஒரு பெரியவர் உடனே திருத்திட்டாராம். அவருக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

மனைவி அவனிடம் அதற்கு மேல் சொல்லவில்லை. எக்ஸ்ரே அக்காவுக்கு அது புரிந்தது. இப்படியே விட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அவன் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, மாட்டியபடியே நின்று சொன்னாள்.

"பேர் மாறல தம்பி. நான்தான் என்னுதுன்னு சொல்லி வச்சேன். வீட்டுலயும் அப்படித்தான் நினைக்க விட்டேன். உன் சம்சாரம் வந்து பார்த்ததும் பழியை அவர் மேல போட்டுட்டேன். அவர் எழுதினது சரி."

பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். பெயிண்டர் பாதி மடித்திருந்த தாளைப் போர்வையின்மேல் வைத்தான்.

"அவ எங்கிட்ட சொல்லலையே" என்றான். பிறகு, "கேட்டிருந்தா உங்களுக்கு மடிக்கச் சொல்லிக் குடுத்திருப்பேன். எனக்கு இங்க வேற என்ன வேலை?"

"மன்னிச்சுக்கோ தம்பி."

அவன் தொங்கும் எடையைப் பார்த்தான்.

"படம் எடுங்க மேடம்" என்றான்.

திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தாள். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அந்த 'மேடம்' அவளைக் கூனிக்குறுக வைத்தது. படத்தை எடுத்தாள். ஆடாமல் வந்தது.

அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் செய்தாள். நாத்தனார் முழுதும் கேட்டுவிட்டு, "நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேனே அண்ணி. இப்ப என்ன சொல்றது?" என்றாள். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லு. எனக்கு வரலைன்னு சொல்லு."

சனிக்கிழமை நூலக மாடிக்குப் போனாள். எட்டுப் பேரும் வந்த பிறகு, உட்காராமல் நின்றபடி சொன்னாள்.

"அன்னிக்கு அண்ணன் தப்பா எழுதல. நான் சொன்ன பேரைத்தான் எழுதினார். வண்டு என்னுது இல்ல."

கண்ணாடிக் கடைக்காரர் இருமினார். தபால் பெண்களில் ஒருத்தி கையிலிருந்த மடிப்பை விடாமல் நீவிக்கொண்டிருந்தாள். 'பரவாயில்லை' என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். அவள் உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் டிரைவர் அண்ணன். "பெட்டிக்கு மூலை சேராத கை, அந்தக் கொம்பை மடிச்சிருக்காது. அப்பவே இன்னும் துருவிக் கேட்டிருக்கணும், அதைச் செய்யாம சீட்டு எழுதினேன். அது என் தப்பு. ஆனா அந்தப் பிள்ளை முன்னாடி என் கண்ணு மேல பழி போட்டீங்க பாருங்க, அது வலிச்சுது. அஞ்சாறு நாள் வலிச்சுது."

"தெரியும்ணே."

"சரி. புத்தகத்தை எடுங்க. இன்னிக்கு நான் தேர்ந்தெடுத்துக் குடுக்க மாட்டேன். நீங்களே எடுங்க."

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இதில் எனக்குத் தெரியாதது எத்தனை என்று விரல்விட்டு எண்ணினாள். தவளையில் மூன்று. மீனில் இரண்டு. பூவில் நான்கு. இத்தனை நாள் அவள் அப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை. எது பார்க்க அழகு, எதைக் காட்டினால் வாய் பிளப்பார்கள் என்று மட்டுமே பார்த்திருக்கிறாள். பன்னிரண்டாம் பக்கத்தில் வாத்து ஒன்று இருந்தது. கழுத்துக்கும் தலைக்கும் ஒரே மாதிரி மடிப்பு, காகிதத்தைப் பிரித்து முனையை உள்பக்கமாகத் திருப்பி மடிப்பது. தெரியாதது அது ஒன்றுதான். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது என்று மேலே போட்டிருந்தது.

"இது" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வாத்துகள் வீட்டு ஜன்னல் மேடையில் சேர்ந்தன. கழுத்து ஒடிந்தவை, வானத்தைப் பார்த்தவை. நாத்தனார் வந்தபோது அவற்றை ஒளித்து வைக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எக்ஸ்ரே அக்காவுக்குத் தோன்றியது. பழைய கிண்டல் திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று.

பெயிண்டர் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குத் திரும்பிச் சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, படிக்கட்டில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டின் கொம்பை அவனிடம் கற்றுக்கொள்ளத்தான் டிரைவர் அண்ணன் வரச் சொல்லியிருந்தார். மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்தான். எக்ஸ்ரே அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவளுக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, காலை நீட்டிக்கொள்ள எழுந்தவன் அவள் பின்னால் வந்து நின்றான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"எத்தனாவது வாத்து?"

"நாப்பத்தி மூணு."

"கழுத்து இன்னும் சாயுது. முதல் மடிப்பை இன்னும் அழுத்தி நீவணும்" என்றான். அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை.

"சரி" என்றாள் எக்ஸ்ரே அக்கா. அடுத்த தாளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி நீவினாள். அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.